ஒன்பதுக்குக் கீழே ஒரு கோடு

காலை ஐந்தே முக்காலுக்கு, லாரி நிறையக் கருங்கல்லை யாரோ தலைமாட்டில் கொட்டியது போல ஒரு சத்தம். ஒரு நொடி எதுவுமே இல்லை. பிறகு நாய்கள். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

தூக்கத்திலிருந்து எழுந்தவள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். எது விழுந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேல் சாலையின் மண் சரியாமல் தாங்கி நிற்கிற சுவர் அது. மூன்று ஆள் உயரம். அதன் காலடியில் முப்பத்திரண்டு வீடுகள். கீழ் வரிசை என்று பெயர். மூன்றாம் வீட்டில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மூன்றாம் வீடு நின்றுகொண்டிருந்தது. ஐந்தாம் வீட்டுக்குத்தான் பின்பக்கமே இல்லை. குளியலறை இருந்த இடத்தில் மண்ணும் கல்லும் குவியலாகக் கிடக்க, அப்பா பனியனோடு நின்று கல்லை எடுத்து எடுத்து வீசிக்கொண்டிருந்தார்.

"உள்ள யாருப்பா?"

"ரொட்டிக்காரன்."

பேக்கரி வேன் ஓட்டுகிறவர். ஆறரைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று குளிக்கப் போயிருக்கிறார். அவர் மனைவி, தெருவுக்கே துணி தைக்கிறவள், மண்ணைக் கையால் வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் நகம் பெயர்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

தம்பி மேல் சாலையிலிருந்து சரிந்து இறங்கி வந்தான். நகர மன்றத்தின் பணிகள் பிரிவில் இன்ஜினியர். 'இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்ப்பா' என்று எட்டு மாதத்துக்கு முன் அவன் சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. அவனும் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அந்த இன்ஜினியர் ஐயாவ அந்தக் கதவைக் கழட்டிட்டு வரச் சொல்லு," என்றார் அப்பா, மகளைப் பார்த்து. தம்பி இரண்டடி தள்ளித்தான் நின்றான். போய்க் கதவைக் கழற்றினான்.

இருபது நிமிடத்தில் ரொட்டிக்காரரை வெளியே எடுத்தார்கள். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வராது. கதவின் மேல் படுக்க வைத்து, ஆறு பேர் தூக்கிக்கொண்டு மேல் சாலைக்கு ஏறினார்கள்.

தையல்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள் இவள். "நான் இருக்கேன். எதுன்னாலும் ஒரு ஃபோன் பண்ணு. உடனே எடுப்பேன்."

"சரிக்கா."

ஏறப்போன தையல்காரியைத் தம்பி மறித்தான். "பின்பக்கம் போக வேண்டாம்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"எங்களுக்கு யாரு சொன்னாங்க? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே."

அவன் முகம் வெளுத்தது. தூசியாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. பத்தரைக்கு மன்றக் கூட்டம்.

*

அவளுடைய தொழில் ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க அடுத்தவர்களின் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டவள். போன ஆண்டுத் தேர்தலில் நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துப் பதினோராம் வார்டுக்கு உறுப்பினர் ஆனாள். ஜெயிக்க வைத்தது ஒரே ஒரு வாக்குறுதி: "மனு எழுதிக்கிட்டு ஆபீஸ் வாசல்ல நிக்காதீங்க. எனக்கு ஒரு ஃபோன் போதும்."

சொன்னபடியே செய்தாள். குழாய் உடைந்தால் ஃபோன். குப்பை வண்டி வராவிட்டால் ஃபோன். சாப்பாட்டுத் தட்டில் கை இருந்தாலும் இடக்கையால் எடுத்துப் பேசுவாள். பேசிக்கொண்டே, யார் நீட்டுகிற தாளிலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். கீழ் வரிசையில் அவளுக்கு ஃபோன் அக்கா என்றே பெயர்.

அந்தச் சுவர் ஈரம் கசிகிறது என்று அவளுக்கு வந்த ஃபோன்களுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் யாரையாவது பிடித்து, ஒரு மூட்டை சிமெண்ட் பூசவைத்தாள். இந்த வருட வளர்ச்சி நிதியில் சுவரை முழுதாக எடுத்துக் கட்டிவிட வேண்டும் என்று மன்றத் தலைவரிடமும் இரண்டு முறை சொல்லியிருந்தாள். ஃபோனில்தான்.

பத்து மணிக்கு மன்றத்தின் மாடிப் படியில் தம்பி காத்திருந்தான். குளித்து, சட்டை மாற்றியிருந்தான். கண் மட்டும் காலையில் பார்த்த கண்.

"இந்தாக்கா, பட்டியல். நேத்து சாயங்காலம்தான் முடிவாச்சு."

மொத்தம் இருபத்திரண்டு வேலைகள். ஒன்பதுக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பதற்குப் பணம் உண்டு. கீழே இருப்பது அடுத்த வருடம். அவள் விரல் கோட்டைத் தாண்டி இறங்கிப் பதினான்கில் நின்றது. 'கீழ் வரிசைத் தாங்குசுவர்.'

"இது எப்படிடா பதினாலு?"

"மார்க் அப்படித்தான் வந்துச்சு. எத்தனை பேருக்குப் பயன்படும்னு ஒரு மார்க். முப்பத்திரண்டு வீடுன்னா கம்மிதான். மக்கள் பங்கா எவ்வளவு தருவாங்கன்னு ஒரு மார்க். கீழ் வரிசைல யாரு தருவா? அப்புறம் பதிவான புகாருக்கு மார்க். அதுதான் பெருசு."

"அதுல எவ்வளவு?"

"பூஜ்யம்."

அவள் சிரித்துவிட்டாள். "தினமும் பத்து பேர் எனக்கு ஃபோன் பண்றாங்க. பூஜ்யமா?"

"உனக்குப் பண்றாங்க. ஆபீஸுக்கு யார் பண்ணாங்க? எழுத்துல ஒண்ணு காட்டு. பக்கத்து வார்டுலேருந்து நாற்பத்தேழு புகார் வந்திருக்கு. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. வந்தது வந்ததுதான், மார்க் போட்டாகணும்."

பக்கத்து வார்டு உறுப்பினருக்கு 'விளக்கு' என்று பட்டப்பெயர். எந்த வருடம் நிதி வந்தாலும் தன் தெருக்களில் விளக்குக் கம்பம் நட்டுவிடுவார். பட்டியலில் மூன்றாவது அவருடையது. அலங்கார விளக்கு.

"சுவர் விழுமா விழாதான்னு ஒரு கட்டம் இல்லையா இதுல?"

"முன்னாடி இருந்துச்சு. எல்லா வார்டும் எங்களோடதுதான் முதல்ல விழும்னு எழுத ஆரம்பிச்சாங்க. அதனால அந்தக் கட்டத்தையே எடுத்துட்டாங்க."

அவள் தாளை மடித்தாள். "மீதிச் சுவர் எத்தனை நாள் நிக்கும்?"

"நாளா? ஒரு நல்ல மழை. வயிறு தள்ளி நிக்குது. அப்பா வீட்டுக்கு நேர் பின்னாடி."

*

மன்றக் கூடத்துக்குள் ஃபோனை அணைத்துவிட வேண்டும். தலைவர் அதில் கறார். பதினோராம் வார்டுக்காரியைப் பார்த்தே சொல்லுவார். அன்றைக்கும் சொன்னார். அவள் அணைத்துக் கைப்பையில் போட்டாள்.

பதினேழு பேர். காலையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். விளக்குகூட, "பாவம், நல்ல மனுஷன், எங்க தெருவுக்கும் ரொட்டி போடுவார்," என்றார். அவர் குரலில் பொய் இல்லை.

பட்டியலை வாசித்து முடித்ததும் அவள் எழுந்தாள்.

"பதினாலாவதா இருக்கற சுவரைக் கோட்டுக்கு மேல கொண்டு வரணும்னு திருத்தம் கொண்டு வர்றேன்."

"கொண்டு வரலாம்," என்றார் தலைவர். "எதை எடுத்துட்டுன்னு சொல்லணும். பணம் ஒன்பதுக்குத்தான் இருக்கு."

அவளுக்கு விளக்கைச் சொல்ல ஆசை. ஆனால் மூன்றாவதை எடுத்தால் சுவரின் செலவில் கால்பங்குகூடத் தேறாது. சுவரின் செலவுக்குச் சரியாக வருவது ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாவது. ஆறாம் வார்டில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கால்வாயைத் தாண்டுகிற நடைபாலம்.

"ஒன்பதாவதை," என்றாள்.

ஆறாம் வார்டு உறுப்பினர் ஓய்வுபெற்ற நர்ஸ். முதல் கூட்டத்தில் இவளுக்கு எங்கே உட்கார வேண்டும், எப்போது கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தப் பாலத்துல பலகை ரெண்டு இல்ல. பிள்ளைங்க தாண்டித் தாண்டிப் போகுதுங்க. நானும் மூணு வருஷமா கேட்டு இப்பத்தான் ஒன்பதாவதா வந்திருக்கேன்." நிறுத்தினார். "என் பாலத்துல இன்னும் யாரும் விழலம்மா. அதுவா நான் பண்ண தப்பு?"



"திருத்தத்தை வழிமொழியறவங்க யாரு?" என்றார் தலைவர்.

 சற்று முன் கையைப் பிடித்தவர்கள் எல்லாம் தங்கள் முன்னாலிருந்த தாளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். விளக்கு தண்ணீர் குடித்தார். காலி டம்ளரை மறுபடியும் வாயில் வைத்தார்.

"யாரும் இல்லைன்னா திருத்தம் விழுந்துடுச்சு," என்ற தலைவர், பேனாவை வைத்துவிட்டு மூக்கைத் தேய்த்தார். கெட்டவர் அல்ல. விதிப் புத்தகத்தை வரி வரியாகத் தெரிந்தவர், அவ்வளவுதான். "இன்னொரு வழி இருக்கு. அவசர நிதி. அதுக்குப் பட்டியல் வேண்டாம், மார்க் வேண்டாம். ஆனா ஒரு நிபந்தனை. அந்த இடம் ஆபத்துன்னு விழறதுக்கு முன்னாடியே ஆய்வு அறிக்கை இருக்கணும். இருந்தா இன்னிக்கே கையெழுத்துப் போடறேன், நாளைக்கு வேலை ஆரம்பிக்கலாம்."

அவளுக்கு மூச்சு வந்தது.

அறிக்கை இருக்கிறது. இல்லாமல் எப்படி? போன மழைக்காலத்தில் தம்பி அந்தச் சுவரை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றவளே அவள்தானே. விரிசல் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் எண் போட்டான். அடுத்த வாரம், "எழுதிட்டேன்க்கா," என்றான். அதோடு அவள் வேறு நூறு ஃபோன்களுக்குப் போய்விட்டாள்.

"பணிகள் பிரிவு இன்ஜினியர் இருக்காரா?" என்றார் தலைவர்.

பின்வரிசையில் தம்பி எழுந்தான்.

"கீழ் வரிசைச் சுவரை ஆய்வு பண்ணி அறிக்கை ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

"ஆய்வே நடக்கலையா?"

"நடக்கலைங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் தலைவருக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உறுப்பினருக்கு வேற தகவல் ஏதாவது இருக்கா?" தலைவர் அவளைக் கேட்டார்.

இப்போது அவன் அவளைப் பார்த்தான். தலை கொஞ்சம் அசைந்தது. வேண்டாம் என்று. சின்ன வயதில், பஸ் டிரைவராக இருந்த அப்பாவின் சாவியைத் தொலைத்துவிட்டுக் கதவோரம் நின்று அசைத்த அதே தலை.

வாயைத் திறந்தால் போதும். சுவர் நாளைக்கே எழும்பும். தம்பி நாளைக்கே வேலையில் இருக்க மாட்டான். பொய் சொன்ன அதிகாரி, ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்த அதிகாரி. வேலையோடு முடியுமா, சிறைக்கும் போக வேண்டுமா என்பது அவளுக்குத் தெரியாது.

"இல்லை," என்றாள். உட்கார்ந்தாள்.

பட்டியல் நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. கையைத் தூக்கச் சொன்னபோது அவளும் தூக்கினாள். தூக்காமலும் இருந்திருக்கலாம் என்பது படியிறங்கும்போதுதான் தோன்றியது.

வராந்தாவுக்கு வந்து ஃபோனைப் போட்டாள். தவறிய அழைப்புகள் ஒன்பது. எல்லாம் தையல்காரி. கடைசி அழைப்பு பதினொன்று இருபதுக்கு.

*

ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில் தையல்காரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் யாரோ கட்டுப் போட்டுவிட்டிருந்தார்கள். மடியில் ஒரு பையில் அவருடைய வாட்சும் வேன் சாவியும்.

"ஃபோன் பண்ணேன்க்கா."

"கூட்டத்துல இருந்தேன். அணைச்சு வெச்சிருந்தேன்."

"ரத்தம் வேணும்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பாங்களேன்னு..."  தையல்காரி குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசைப்படுத்திக்கொள்கிறவள் போலச் சொன்னாள். "அப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்வதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம், ஒரு ஃபோன் பண்ணு என்பது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க தம்பி அன்னிக்கு டேப் வெச்சு அளந்தாரே. நான் டீ போட்டுக் கொடுத்தேனே. அப்பவே அவருக்கு ஏதாவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரியலைம்மா."

"யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்பக்கமாவே குளிச்சிருப்பார். வெட்கப்படற ஆள் இல்ல அவர். வெளிய நின்னு குளிங்கன்னு நான் சொன்னாலே கேட்டிருப்பார்."

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கீழ் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதிப் பேர் எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்று மேகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு பேர் அவளிடம் வந்து, "அக்கா, வேலை எப்ப ஆரம்பிக்கிறாங்க?" என்றார்கள். "பேசிட்டு இருக்கேன்," என்றாள். நாக்கு தானாகச் சொன்னது.

மூன்றாம் வீட்டுக்குள் அப்பா ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அசையாதவர். எதிரில் தரையில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

அவள் கதவைச் சாத்தினாள்.

"உன் முகத்தைப் பார்த்துப் பேசணும்னுதான் வந்தேன். ரொட்டிக்காரர் செத்துட்டார். தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"ஆய்வே நடக்கலைன்னு பதினாறு பேர் முன்னாடி சொன்ன. நான் டேப்பைப் பிடிச்சேன்டா. எங்க அந்த அறிக்கை?"

அவன் அப்பாவின் பெட்டியைப் பார்த்தான்.

"எழுதாமலே எழுதிட்டேன்னு சொன்னியா? இல்ல எழுதி எங்கயாவது தொலைச்சியா? அது இருந்திருந்தா நாளைக்கு வேலை ஆரம்பிச்சிருக்கும். வெளிய மீதி வீட்டுக்காரங்க நிக்கறாங்க. அவங்க மூஞ்சியைப் பார்த்துட்டு வந்தேன் நான்."

"அக்கா, விட்டுடு."

"விடறதா? உன் வேலை போயிடும்னு நானும் சேர்ந்து பொய் சொன்னேன். உனக்காக. நாளைக்கு இந்த வீடு விழுந்தா அதுக்கும் நான்தான் கையைத் தூக்கினவ. ஒரு சம்பளத்துக்காக இவ்வளவு பெரிய கோழையா ஆயிட்டியேடா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஓங்கிய கை தாழ்வது போல அவள் குரல் தானாகத் தாழ்ந்தது. "ஏதாவது சொல்லித் தொலையேன்."

அப்பா பெட்டியை மூடினார். எழுந்து போய், அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நிற ஃபைலை எடுத்து வந்தார்.

"காலையில ஆம்புலன்ஸ் கிளம்பினதுமே இவன் நேரா ஆபீஸுக்குப் போயிருக்கான். யாரும் வர்றதுக்கு முன்னாடி இதை எடுத்துட்டு இங்க வந்தான். எட்டு மாசத்துக்கு அப்புறம் என் பையன் என்கிட்ட பேசினான். 'எங்கயாவது வைப்பா, அக்கா கண்ல படக் கூடாது'ன்னு."

அவள் பிடுங்கினாள். முதல் பக்கம் தம்பியின் குட்டிக் குட்டி எழுத்து. விரிசல் ஒன்று முதல் பத்தொன்பது வரை. இரண்டாம் பக்கத்தின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தது: அடுத்த மழைக்கு முன் அனைவரும் வெளியேற வேண்டும், அதுவரை பின்பக்கத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது.

"எல்லாம் எழுதியிருக்கியேடா." அவளுக்குப் புரியவில்லை. "இவ்வளவு சரியா எழுதிட்டு, எதுக்காக இல்லைன்னு சொன்ன?"

"கொடு அதை," தம்பி எழுந்து கையை நீட்டினான். "அப்பா, வாங்கிடு."

அப்பா அவன் கையைப் பிடித்து இறக்கினார். மகளைப் பார்த்தார். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல வருகிறவர் போல, மெதுவாகச் சொன்னார்.

"கடைசிப் பக்கத்தைத் திருப்பும்மா. முப்பத்திரண்டு வீட்டுக்கும் நேர்ல போய்ச் சொல்லியாச்சுன்னு அச்சடிச்சிருக்கு, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கறது நீ."